தசரதன் தேடிய கடகடப்பு

பாட்டு நின்றுபோன ரேடியோவின் தலையில் தட்டிப் பார்ப்பவர்களைத் தசரதனுக்கு ஆகாது. "உன் புள்ளக்கி ஜுரம் வந்தா இப்படித்தான் மண்டையில தட்டுவியா?" என்று கேட்பார். கேட்டுவிட்டு ரேடியோவை வாங்கி அலமாரியில் வைப்பார். "செவ்வாக்கெழம வா. நடுவுல வந்து பல்லக் காட்டிகினு நிக்காத" என்று அனுப்பிவிடுவார். ஆரணி பழைய பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த அவருடைய கடையில் வாடிக்கையாளருக்கு நாற்காலி கிடையாது. உட்காரவைத்தால் பேசுவார்களாம்.

பெரணமல்லூருக்கு அப்பால் ஒரு சிற்றூரின் காலனியில் பிறந்தவர் அவர். அப்பா மாணிக்கவேல் ஊராருடைய நிலத்தில் நாற்று பிடுங்கியவர், களத்தில் நெல் தூற்றியவர். மகன் வேலூரில் ஐ.டி.ஐ. படித்தார். சென்னையில் எட்டு வருடம் சினிமா ஒலிப்பதிவுக் கூடங்களின் ஆம்ப்ளிஃபயர்களைப் பழுதுபார்க்கும் கடையில் இருந்தார். அப்பா படுத்த படுக்கையானதும் திரும்பி வந்து ஆரணியில் கடை போட்டார். பட்டு வியாபாரிகள் வீட்டு ரேடியோக்களும் டேப் ரிக்கார்டர்களும் அவரிடம்தான் வரும். சரிசெய்து எடுத்துக்கொண்டு போனால் பக்கத்துச் சந்தில் நிற்கச் சொல்வார்கள். ரேடியோ உள்ளே போகும், அவர் வெளியே நிற்பார். டீ வந்தால் கண்ணாடி கிளாஸில் ஜன்னல் விளிம்பில் வைக்கப்படும். அவர் அதைக் குடித்ததே இல்லை. ஆறவிட்டு, ஏடு படிந்தபின் அப்படியே வைத்துவிட்டு வருவார்.

இதனாலெல்லாம் அவருக்குப் பட்டு முதலாளிகள் மேல் இளப்பம் வந்தது என்றால் நியாயம். ஆனால் அவருடைய இளப்பம் அங்கே நிற்கவில்லை. மைக் செட்காரர்கள் முட்டாள்கள். பாட்டுக்காரர்கள் பொய்யர்கள். நெசவுக்காரர்கள் செவிடர்கள். "தறிச் சத்தத்துலயே பொறந்து தறிச் சத்தத்துலயே சாவுற ஊரு. இதுக்குப் போயி நான் ட்யூன் பண்ணிக் குடுக்கறன் பாரு" என்பார். நானும் ஒரு நெசவுக்காரர் மகன். பகலில் கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தா. மாலையில் ஜெயச்சந்திரனின் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிப்பவன். ஆகவே எனக்கு இரண்டு வகையிலும் திட்டு உண்டு.

ஜெயச்சந்திரனைப் பற்றிச் சொல்லவேண்டும். அப்பா விட்டுப்போன பட்டு வியாபாரம், வீட்டுக்குப் பின்னால் எட்டு பவர்லூம் ஓடும் கொட்டகை, இரண்டு கார். இவ்வளவும் இருந்தும் அந்த ஆளுக்குப் பாடகன் என்று பெயர் எடுக்க ஆசை. குரல் வராது, சுருதி சேராது. ஆனாலும் எந்தக் கச்சேரியிலும் முதல் பாட்டு அவர்தான் பாடுவார். குழுவும் அவருடையது, மைக்கும் அவருடையது, நாங்களும் ஏறக்குறைய அவருடையவர்கள். இரவிலும் கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பார். கல்யாண வீட்டில் அவர் பாட ஆரம்பித்ததும் பந்தியில் கூட்டம் அதிகமாகும். அதைக்கூட அவர் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டார். "நம்ம பாட்டு கேட்டா பசிக்குதுபா ஜனங்களுக்கு" என்று ஒருமுறை என்னிடமே சொன்னார்.

1996 சித்திரையில் சென்னையில் ஒரு பழைய ஒலிப்பதிவுக் கூடத்தை மூடினார்கள். சாமான்களை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஜெயச்சந்திரன் போய் ஓர் ஆர்கனும் அதற்கு உண்டான ஸ்பீக்கர் பெட்டியும் வாங்கி வந்தார். பெட்டி என்றால் சாதாரணப் பெட்டி இல்லை. நெஞ்சு உயரம், கருங்காலி நிற மரம், பக்கங்களில் ஜன்னல் அடைப்புப்போல வரிசையாகச் சரிந்த பலகைகள். உள்ளே மேல்தட்டில் இரண்டு வாய் கொண்ட ஒரு கறுப்புக் குழல் மோட்டாரில் சுற்றும். கீழ்த்தட்டில் பெரிய ஸ்பீக்கருக்கு அடியில் மரத்தால் ஆன ஓர் உருளை சுற்றும். மெதுவாகச் சுற்றினால் ஒலி அலை அலையாக வந்து போகும். வேகமாகச் சுற்றினால் குரல் நடுங்குவதுபோல நடுங்கும். கோயில் மணி அடித்து ஓயும்போது காற்றில் ஒரு தள்ளாட்டம் வருமே, அதை ஒரு பெட்டிக்குள் பிடித்து அடைத்தமாதிரி.

ஜெயச்சந்திரன் அதற்குக் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார். "ஃபாரின் பொட்டி. உள்ள ஸ்பீக்கரே சுத்தும்" என்று தெருவெல்லாம் சொன்னார். நம்பாதவர்களுக்காகப் பின்பலகையைக் கழற்றிக் காட்டினார். ஒரு வாரம் பூராவும் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தது. பாதித் திருகாணிகள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியாது. ஆர்கனில் நான் என்ன வாசிக்கிறேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. குழல் சுற்றுகிறதா என்று மட்டும் குனிந்து குனிந்து பார்த்தார்கள்.

பத்தாம் நாளே பெட்டி கடகடக்க ஆரம்பித்தது. மேல் ஸ்தாயியில் ஒன்றும் இல்லை. கீழே இறங்க இறங்க, தகர டப்பாவில் புளியங்கொட்டை போட்டுக் குலுக்குவது மாதிரி ஒரு சத்தம் பாட்டோடு சேர்ந்து வந்தது. எங்கள் குழுவின் மைக் செட் சம்பந்தம் என்பவருடையது. வண்டியின் மேல் 'சவுண்ட் இன்ஜினியர்' என்று எழுதிவைத்திருந்தார். எட்டாம் வகுப்பு தாண்டாதவர். அதைக்கூட மன்னிக்கலாம், காதையும் எங்கேயோ தொலைத்தவர். அவர் ஒரு வழி சொன்னார்: "வால்யூமத் தூக்கிட்டா கடகடா அமுங்கிடும்."

அமுங்கவில்லை. கடகடாவும் சேர்ந்து பெரிதானது.

பிறகு வேலூரிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தார்கள். அவர் பெட்டியைத் திறந்தார், மூடினார், ஒரு மூட்டை பஞ்சு வாங்கிவரச் சொல்லித் தலையணைக்கு அடைப்பதுபோல உள்ளே அடைத்துவிட்டுப் போனார். அந்த நிலையில் பெட்டியைச் செய்யாற்றில் ஒரு கல்யாணத்துக்குக் கொண்டுபோனோம். மெதுவான பாட்டு. நான் கீழ்ச் சுரத்தில் விரலை வைத்தேன். பெட்டி இருமியது. பெண்ணின் தாய்மாமன் மேடைக்குப் பக்கத்தில் வந்து பவ்வியமாகவே கேட்டார்: "ஏங்க, உள்ள எலி கிலி பூந்துகிச்சா?" முதல் வரிசை முழுக்கச் சிரித்தது. ஜெயச்சந்திரன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

ஆடித் திருவிழாவுக்கு எட்டு நாள்தான் இருந்தது. எங்கள் தெரு அம்மன் கோயிலில் அவருடைய கச்சேரி, அவருடைய செலவு. நான்தான் தசரதன் பெயரைச் சொன்னேன். ஜெயச்சந்திரன் ஓர் ஆளை அனுப்பினார், ஆள் வெறுங்கையோடு திரும்பினான். "வேணும்னா ஓனரு வரட்டும்னு சொல்றாரு." மறுநாள் காரை எடுத்துக்கொண்டு போனார், நானும் கூடப் போனேன். கடை வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தார். தசரதன் ஒரு ஆம்ப்ளிஃபயரில் ஈயம் வைத்துக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை. இன்னொரு ஹாரன், இன்னும் ஒன்று. கடைசியில் ஜெயச்சந்திரன் இறங்கினார். நாற்காலி இல்லாத கடையில் நின்றார்.

"இன்னா தசரதா, ஆள் உட்டா வர மாட்டேன்றியாமே?"

"பொட்டி யாரோடது?"

"என்னோடது."

"அப்ப ஆள் எதுக்கு?"

ஜெயச்சந்திரன் என்னைப் பார்த்தார். நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன்.

தசரதன் நிபந்தனைகளைச் சொன்னார். பெட்டியைக் கடைக்குக் கொண்டுவரக் கூடாது. பஸ் இரைச்சலில் ஒன்றும் கேட்காது. வீட்டு ஹாலிலேயே வைத்துப் பார்க்கவேண்டும். வேலை நடக்கும்போது யாரும் பேசக் கூடாது. பின்னால் ஓடும் எட்டுத் தறியையும் தினமும் பதினொன்றிலிருந்து ஒரு மணிவரை நிறுத்தவேண்டும்.

"தறிய நிறுத்தணுமா? வெளயாடறியா?"

"நிறுத்தாட்டி போ. வேலூர்ல பஞ்சு விக்கறவன் இருக்கான் இல்ல, அவனக் கூப்டுக்கோ."

பஞ்சு விஷயத்தை நான் தசரதனிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தேன். ஜெயச்சந்திரனுக்குச் செய்யாற்றுச் சிரிப்பு ஞாபகம் வந்திருக்கவேண்டும். ஒப்புக்கொண்டார். ஹாலும் வேண்டும், அமைதியும் வேண்டும் என்று தசரதன் கேட்டதில் தொழில் நியாயம் உண்டு. ஆனால் மறுநாள் பையோடு அவர் வந்தபோது பக்கத்துச் சந்துப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், முன்வாசல் படியில் ஏறி, ஹால் நடுவில் போய் நின்று, "தறிய நிறுத்தச் சொல்லு" என்ற விதத்தைப் பார்த்தபோது அதில் தொழில் பாதிதான் என்று புரிந்தது. கொட்டகைச் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. அந்த வீட்டில் அப்படியொரு நிசப்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை. தசரதன் அதைச் சற்று நேரம் ரசித்தார்.

வேலை தெரிந்தவர் என்பதில் சந்தேகமே இல்லை. முதலில் உள்ளே சுற்றுவது இரண்டையும் நிறுத்திவைத்தார். என்னை ஆர்கனில் உட்காரவைத்து, கீழ்க்கோடியிலிருந்து ஒவ்வொரு கட்டையாக அழுத்திப் பிடிக்கச் சொன்னார். ஒவ்வொரு சுரத்துக்கும் பெட்டியைச் சுற்றி வந்து பலகைகளைத் தொட்டுப் பார்த்தார். எங்கே கை வைத்தால் கடகடப்பு நிற்கிறதோ அங்கே சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கோடு. நாட்டு வைத்தியர் நாடி பிடிப்பது மாதிரி இருந்தது. கை எட்டாத இடத்தில் ஒரு ரப்பர்க் குழாயின் நுனியை வைத்து மறுநுனியைக் காதில் செருகிக் கேட்டார்.

முதல் நாள் நான்கு பழுதுகள் கிடைத்தன. பின்பலகையில் பதினான்கு திருகாணி இருக்கவேண்டிய இடத்தில் ஐந்து. "ஊருக்கே அவுத்துக் காட்டினா இப்படித்தான்" என்றார். சரிவுப் பலகைகளில் இரண்டு வச்சிரப் பசை காய்ந்து கழன்றிருந்தன. பெரிய ஸ்பீக்கரைப் பிடித்திருந்த ஒரு நட்டு விரலாலேயே சுற்றியது. பஞ்சைப் பிடுங்கி ஹாலின் நடுவில் குவித்தார். அதில் ஒரு கொத்து கீழ் உருளையின் துணியில் உரசிக்கொண்டிருந்தது. "இதுக்கும் காசு குடுத்தியா?" என்று ஜெயச்சந்திரனைக் கேட்டார்.

இரண்டாம் நாள் சுற்றவிட்டுப் பார்த்தார். மேல்குழல் ஒவ்வொரு சுற்றுக்கும் 'டிக்' என்றது. எண்ணெய் வறண்ட பேரிங். கீழ் உருளைக்கான பெல்ட்டில் ஒட்டுப் போட்ட இடம் புடைத்து, கப்பி மேல் ஏறும்போதெல்லாம் தட்டியது. நாள் முழுக்க இருந்து அதையும் சரிசெய்தார். சம்பந்தம் வாசலில் நின்று, "அண்ணா, மேல ஒரு ஈரத் துணி போட்டா..." என்று ஆரம்பித்தார். தசரதன் அவர் பக்கம் திரும்பாமலேயே என்னிடம், "ஹேமநாத்து, அந்த ஸ்பீக்கர்ல பேச்சுச் சத்தம் வருது பாரு. ஒயர உருவு" என்றார். சம்பந்தம் போய்விட்டார்.

மூன்றாம் நாள் காலை எல்லாம் சுத்தம். நான் கீழிருந்து ஏறிக்கொண்டே போனேன். எட்டாவது கட்டையில் தசரதன் கை தூக்கினார்.

"திருப்பி."

திருப்பி அழுத்தினேன். எனக்குக்கூடக் கேட்டது. மெல்லிய ஒரு 'ஜர்ர்'. அந்த ஒரு சுரத்தில் மட்டும், எங்கிருந்தோ. அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை.

அப்போதுதான் ஹாலுக்கும் கொட்டகைக்கும் நடுவில் இருந்த கதவைத் திறந்துகொண்டு ஓர் அம்மாள் எட்டிப் பார்த்தாள். தறி ஓட்டும் கிருஷ்ணம்மாள். நாற்பது வயது இருக்கும், தலையிலெல்லாம் நூல் பிசிறு. ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"வாயத் தொறக்காத. போய்க் குந்து" என்றார் தசரதன்.

கதவை ஒருக்களித்துவிட்டு அவள் போய்விட்டாள்.

அந்த 'ஜர்ர்' எங்களை இரண்டு நாள் ஆட்டிவைத்தது. தசரதன் பெட்டியை முழுக்கப் பிரித்தார். குழல், உருளை, மோட்டார், வால்வு ஆம்ப்ளிஃபயர் எல்லாம் ஹாலில் பழைய வேட்டி மேல் பரப்பிக் கிடந்தன. ஆம்ப்ளிஃபயரையும் பெரிய ஸ்பீக்கரையும் மட்டும் ஒயரில் இணைத்துவைத்து, மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்து ஓட்டிப் பார்த்தார். எந்தச் சாமானிலும் பழுது இல்லை, எதைச் சேர்த்தாலும் எடுத்தாலும் சத்தம் இருந்தது. பிறகு சத்தம் வீட்டில்தான் என்று முடிவுகட்டினார். ஜெயச்சந்திரனின் அப்பா படத்தைச் சுவரிலிருந்து இறக்கச் செய்தார். கேடயங்களும் கோப்பைகளும் வைத்த கண்ணாடி அலமாரியைக் காலிசெய்யச் சொன்னார். ஜன்னல் கொக்கிகளில் காகிதம் மடித்துச் செருகினார். என் மோதிரத்தைக் கழற்றச் சொன்னார். 'ஜர்ர்' அப்படியே இருந்தது.

ஜெயச்சந்திரனுக்கு இழந்த தைரியம் மெல்லத் திரும்பியது. நான்காம் நாள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டார். "ஊர்ல ஒனக்கு மட்டும்தான் காது கீதுன்னு சொன்னாங்க?"

தசரதன் ரப்பர்க் குழாயை மறுபடி காதில் செருகினார். கழுத்தில் வியர்வை ஓடியது. அவருக்கு அன்று வயது நாற்பத்திமூன்று. அதுவரை எந்தப் பழுதிடமும் அவர் தோற்றதாக நான் கேள்விப்பட்டதில்லை. சாயங்காலம் கடைக்குத் திரும்பி நடக்கும்போது, "எனக்கே காது போயிடுச்சோ இன்னாவோ" என்றார். அவரிடமிருந்து அப்படியொரு வாக்கியம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எனக்கு, உண்மையைச் சொன்னால், கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஐந்தாம் நாள் பதினொன்றரை மணிக்குக் கதவு படாரென்று திறந்தது. கிருஷ்ணம்மாள் இந்த முறை எட்டிப் பார்க்கவில்லை, உள்ளேயே வந்துவிட்டாள்.

"யோவ் ரேடியோக்காரரே, அந்தப் பொட்டிய இன்னும் எத்தினி வாட்டி அறுத்துப் பாப்ப? சத்தம் இங்க கீது."

"எங்க?"

"அஞ்சாந் தறியில. முந்தாநேத்து காலையில பாவு நூலு முடிஞ்சிபோச்சி. புதுப் பாவு இன்னும் ஏத்தல. நூலத் தூக்கி எறக்கற கம்பி அத்தினியும் சும்மா தொங்கிகினு கீது. நீங்க இங்க 'ம்ம்'னா அது அங்க 'ஜர்ர்'ன்னுது. மத்த தறி ஓடினா எவனுக்குக் கேக்கப்போவுது? நீதான் எல்லாத்தையும் நிறுத்திட்டியே."

தசரதன் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். கொட்டகைக்குள் போனார். நான் எட்டாவது கட்டையை அழுத்தினேன். திறந்த கதவு வழியாக எனக்கு எல்லாம் தெரிந்தது. கிருஷ்ணம்மாள் ஐந்தாம் தறியின் கம்பிகள் மேல் முழங்கையைப் பரப்பி வைத்தாள். 'ஜர்ர்' நின்றது. கையை எடுத்தாள், வந்தது. மறுபடி வைத்தாள், நின்றது.

தறிக்காரர்கள் ஏழெட்டுப்பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் சிரிக்க, எல்லோரும் சிரித்தார்கள்.

"முந்தாநாளே ஏன் சொல்லல?" என்று கேட்டார் தசரதன்.

"சொல்லத்தான வந்தேன்? வாயத் தொறக்காத, போய்க் குந்துன்ன. குந்திகினோம்." அவள் முந்தானையால் கையைத் துடைத்தாள். "ஒன்ன எனக்குத் தெரியும்யா. மாணிக்கவேல் மவன்தான நீ. உங்க காலனிக்கு அடுத்த ஊருதான் நானு. உன் ரெண்டு மணி நேரத்துக்காக எங்கள ராத்திரி எட்டு வரைக்கும் ஓட்டச் சொல்றாரு மொதலாளி. ஆறேமுக்கா பஸ்ஸு போயிடுது. அப்பால ஒம்போதுக்குத்தான். நாலு நாளா பஸ் ஸ்டாண்டுல உன் கடைக்கு எதிர்லதான் குந்திகினு கீறேன். ஒரு நாளாவது பாத்தியா?"

பார்த்திருக்கமாட்டார். பஸ் நிலையத்தில் காத்திருப்பவர்களைப் பார்ப்பவர் அல்ல அவர். தறியை நிறுத்தச் சொன்னபோது அவருடைய மனதில் ஜெயச்சந்திரன் ஒருவர்தான் இருந்தார். நின்ற நேரத்தை யார் எப்போது ஓட்டித் தீர்ப்பார்கள் என்று அவர் யோசிக்கவே இல்லை. நானும்தான் யோசிக்கவில்லை.

ஹாலுக்குத் திரும்பியபோது ஜெயச்சந்திரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எங்கிருந்தோ சம்பந்தமும் வந்து சேர்ந்துவிட்டார்.

"எங்கப்பா போட்டோவ எறக்க வெச்சியே! எங்க கூலிக்காரிக்குத் தெரிஞ்சது ஒனக்குத் தெரியல. சரி சரி, ஜல்தியா பொட்டிய மூடு. நாளன்னைக்குக் கச்சேரி."

தசரதன் வேட்டி மேல் பரப்பிக் கிடந்த சாமான்களுக்கு நடுவில் சப்பணமிட்டு உட்கார்ந்தார்.

"மூட மாட்டேன்."

"இன்னா?"

"இவங்கள ஆறு மணிக்கு உடு. இன்னிக்கே. இனிமே தறிய நிறுத்தவும் வேணாம், எனக்கு வேல முடிஞ்சிபோச்சி. ஆனா நின்ன நேரத்துக்கு இன்னும் ஓட்டுன்னு எவனையாவது எட்டு மணி வரைக்கும் குந்தவெச்சா, இந்தப் பொட்டி இப்படியே கெடக்கும்."

"பேஜார் பண்ணாத. வேற ஆள வெச்சு மூடிக்கறன்."

"வெச்சிக்கோ. அறுபத்திரண்டு திருகாணி, நாலு அளவு. எது எங்கன்னு எனக்குத்தான் தெரியும். வேலூர்க்காரன வரச்சொல்லு. பஞ்சு அங்கியே கீது பாரு."

ஜெயச்சந்திரன் வேட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இந்த முறை பார்ப்பதற்கு எனக்குக் காலண்டர் இல்லை. "எனக்குத் தெரியாதுண்ணா" என்றேன். அது பொய். பாதிக்குமேல் எனக்குத் தெரியும்.

அன்று ஆறு மணிக்குக் கொட்டகை நின்றது. கிருஷ்ணம்மாள் கைப்பையை எடுத்துக்கொண்டு ஹால் வழியாகவே வெளியே போனாள். தசரதனுக்கு நன்றி சொல்வாள் என்று நான் நினைத்தேன். அவள் நின்று, பிரித்துப்போட்ட சாமான்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அஞ்சு நாளு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனாள். தசரதன் அவள் போன பிறகுதான் முதல் திருகாணியை எடுத்தார்.

திருவிழா அன்று மேடையில் பெட்டி நின்றது. ஜெயச்சந்திரன் முதல் பாட்டு பாடித் தீர்த்தார். இரண்டாவது பாட்டுக்கு முன்னால் எனக்குத் தனியாக வாசிக்க இடம் இருந்தது. மெதுவாகச் சுற்றவிட்டு, கீழ்க்கட்டையில் விரலை வைத்தேன். அந்த ஒலியை எப்படிச் சொல்வது? மேடைப் பலகை வழியாகக் காலுக்கு வந்தது. ஒரு மாசு இல்லை. கூட்டம் தாண்டி, வளையல் கடைகள் தாண்டி, தேர்முட்டி ஓரத்தில் தசரதன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது தெரிந்தது. கண்ணை மூடியிருந்தார். அவரோடு பழகிய மூன்று வருடத்தில் அந்த முகத்தில் சுளிப்பு இல்லாமல் நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

அரைப் பாட்டுத்தான். சம்பந்தத்துக்குப் பொறுக்கவில்லை. பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்று அவராகவே நினைத்துக்கொண்டு எல்லாக் குமிழையும் முழுக்கத் திருப்பினார். கம்பத்துக்குக் கம்பம் கட்டிய கூம்பு ஸ்பீக்கர்கள் அலறின. ஆர்கன் எது, கோயில் பம்பை எது, யாருக்கும் தெரியவில்லை. ஜனங்கள் கைதட்டினார்கள். ஆர்கனே நின்றுபோயிருந்தாலும் தட்டியிருப்பார்கள். நான் நிமிர்ந்து பார்த்தபோது தேர்முட்டி ஓரத்தில் ஆள் இல்லை.

அதன்பிறகு ஆர்கன் மூன்று வருடம் ஓடியது. 1999ல் ஜெயச்சந்திரன் எனக்கு ஒரு ஜப்பான் கீபோர்டு வாங்கிக் கொடுத்தார். அதில் ஒரு பொத்தானை அழுத்தினால் பெட்டி சுற்றுகிற சத்தம் வரும், ஏறக்குறைய. பெட்டி ஹால் மூலைக்குப் போனது. அதன் மேல் டி.வி. வைத்தார்கள். அவர் கல்யாண மண்டபம் கட்டினார். குழு 2003ல் கலைந்தது. கலைத்ததற்கு அவர் சொன்ன காரணம், 'நல்ல பாட்டுக்கு இப்ப மதிப்பு இல்லை' என்பது.

தசரதனுக்கும் கிருஷ்ணம்மாளுக்கும் நடுவில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஒருமுறை, 1998ஆக இருக்கும், அவள் ஒரு டிரான்சிஸ்டரைக் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கிக்கொள்ள வந்த அன்று நானும் கடையில் நின்றிருந்தேன். அவள் அதைக் காதோரம் வைத்து முழுதாக ஒரு செய்தியறிக்கை கேட்டாள். "கொஞ்சம் கரகரப்பு கீது" என்றாள். வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால் ரேடியோ நடுரோட்டில் கிடந்திருக்கும். தசரதன் வாங்கி மறுபடி திறந்தார். உள்ளே ஸ்பீக்கர் காகிதத்தில் ஓரமாக ஒரு கிழிசல். அதை ஒட்டி, மறுபடி அவளிடம் கொடுத்து, அவள் தலையாட்டும்வரை நின்றார். மற்றபடி அவர் மாறவில்லை. திட்டு அப்படியே இருந்தது. திட்டுவதற்கு முன், "உனக்கு எப்படிக் கேட்டுது, அதச் சொல்லு" என்று ஒரு கேள்வி மட்டும் கூடியிருந்தது.

ரேடியோக்கள் போய் செல்போன்கள் வந்தன. அவருடைய கடையும் மாறியது. செல்போனை அவர் கைநகத்தால் தொடுவதுபோலத் தொடுவார். "இதுல இன்னா சத்தம் வருது, கொசு கத்துது" என்பார். மகள் அகல்யா செய்யாறு தொழிற்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் சேர்ந்து, விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸில் போய்வந்தாள். அந்தச் சம்பளத்தில்தான் குடும்பம் ஓடியது என்று ஊரில் சொன்னார்கள். தசரதனும் மறுத்ததில்லை.

2009ல் நான் சங்க வேலையிலிருந்து விருப்ப ஓய்வு பெற்ற வாரம், என் போனில் பாட்டு ஏற்றிக்கொள்ள அவருடைய கடைக்குப் போனேன். அப்போது அங்கே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் இருந்தது. முழங்கால் வலிக்காக அவரே உட்கார வாங்கியது. என்னை உட்காரச் சொல்லவில்லை. கேபிளைச் செருகிவிட்டுக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதின்மூன்று வருடமாக என் மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"தசரதண்ணா, அன்னிக்குத் திருவிழாவுல நீங்க நின்னு கேட்டீங்களே. நான் வாசிச்சது எப்படி இருந்துச்சி?"

அவர் யோசித்தார். நேர்மையாகவே யோசித்தார், அதுதான் கொடுமை.

"பொட்டி நல்லா இருந்துச்சி" என்றார்.

பிறகு போனைக் கழற்றி என் கையில் கொடுத்து, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.